ஏரல் முதல் ஜங்ஷன் வரை: அப்பாவின் ஸ்கேனும் ஒரு சேற்றுப்புண்ணும்

அப்பாவை ஸ்கேன் எடுக்க ஏரலிலிருந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனது தொண்ணூறுகளின் பின்பாதியில், ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். எனக்கு வயது இருபத்திரண்டு. விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் சதைப் பரிசோதனை முடிவும் அப்படித்தான் வந்தது. அதை முதலில் படித்தவளும் நான்தான், வீட்டில் சொன்னவளும் நான்தான்.

புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூத்திரம் நின்று நின்று வருகிறது என்பதை ஒரு வருஷமாக அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். வியாழன்தோறும் மதுரையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வரும் ஒரு சர்ஜன்தான் பார்த்தார். கட்டி சுரப்பிக்குள்ளேயே இருப்பதுபோலத் தெரிகிறது, அப்படியானால் சுரப்பியை முழுதாக எடுத்துவிடலாம், குணமாக வாய்ப்பு உண்டு என்றார். ஆனால் அதற்கு முன் அடி இடுப்பில் ஸ்கேன் எடுத்து, அங்கே உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரவியிருந்தால் ஆபரேஷன் கிடையாது. வேறு வைத்தியம் செய்து நோயைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

அருவிக்கும் அணைக்கும் போகிற வழியை எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்த வழியில் அப்பாவையோ மாமனாரையோ கூட்டிக்கொண்டு போகப்போகிறவர்களுக்காக நான் எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் அந்தக் காலத்தது. மூத்திரத்தை அடக்குகிற கஷ்டம் எந்தக் காலத்துக்கும் பொது.

காலை ஐந்து ஐம்பதுக்கு ஏரலில் பஸ். ஸ்ரீவைகுண்டம் பதின்மூன்று கிலோமீட்டர், அங்கே ஆற்றைத் தாண்டித் திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தால் பாளையங்கோட்டைக்கு இன்னும் முப்பது. ஆளுக்கு ஏழு ரூபாய். இடது பக்கம் ஜன்னலோரம் உட்காராதீர்கள். கருங்குளம் தாண்டும்வரை வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் ஜன்னல் வழியாகத்தான் பேசுவார்கள், தூங்க முடியாது. அன்று எங்களுக்குத் தூக்கம் வரவும் இல்லை. அப்பா என் அக்கா புருஷனின் கல்யாண ஷூவைப் போட்டுக்கொண்டு, அதற்குள் கறுப்பு சாக்ஸும் போட்டுக்கொண்டு, காலை சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்தபடி வந்தார்.

"எதுக்குப்பா ஷூ? கால் வலிக்குதுன்னு நேத்துதானே சொன்னிய?"

"பெரிய எடத்துக்குப் போறோம்லா? செருப்போட போனா மதிப்பானா?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது அப்போது என் பழக்கம். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரு சந்தேகம்கூட எழுந்து நின்று கேட்டதில்லை. பக்கத்தில் இருப்பவளைக் கேட்கச் சொல்வேன்.

ஸ்கேன் சென்டர் பாளையங்கோட்டையில். ஏழரைக்கே போய்விட்டோம். ஒன்பது மணிக்குத்தான் கதவு திறந்தது. மருந்து கலந்த தண்ணீர் ஒரு லிட்டர் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள். குடித்துவிட்டு ஒன்றுக்குப் போகக் கூடாது.

அப்பா அந்த டம்ளரையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுக்கு வரமாட்டேங்குன்னுதான் தாயி வந்திருக்கேன். இப்ப வந்தாலும் விடாதேங்கிய."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "தாத்தா, ஒரு மணி நேரம்தான்."

"தாத்தாவா? எஞ் சின்ன மவளுக்கே இன்னும் கல்யாணம் ஆவல."

உள்ளே போகுமுன் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். சாக்ஸைக் கழற்றவில்லை. குளிராக இருக்கிறது என்றார். பாதம்வரை ஒரு போர்வை போர்த்திவிட்டார்கள். கதவிடுக்கு வழியாக அந்தக் கறுப்பு சாக்ஸ் மட்டும் எனக்குத் தெரிந்தது. படம் எடுத்தது இருபது நிமிஷம், செலவு இரண்டாயிரத்து எண்ணூறு. ரிப்போர்ட் ஒன்றரை மணிக்குக் கிடைத்தது. வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்று படித்தேன். பாதி வார்த்தைகள் நான் படித்தவை. தவளையையும் எலியையும் அறுத்துப் படம் வரைந்திருக்கிறேனே. வலது பக்க அடி இடுப்பில் ரத்தக்குழாயை ஒட்டி ஒரு முடிச்சு, பதினாறு மில்லிமீட்டர். வலது தொடை இடுக்கில் இரண்டு, அதைவிடப் பெரியவை. இடது பக்கம் எல்லாம் சாதாரண அளவு. கடைசி வரியில், பரவியிருக்கலாம் என்று சந்தேகம்.

"என்னளா போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"டாக்டர் சொல்லுவார்ப்பா" என்றேன்.

ஜங்ஷனில் சர்ஜனின் கிளினிக்கில் எங்கள் டோக்கன் ஒன்பது. நாலு பத்துக்கு உள்ளே போனோம். நாலு பதினாறுக்கு வெளியே வந்தோம். அவர் கடைசி வரியைப் படித்தார், படத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார், வேறு ஏதாவது வியாதி உண்டா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா இல்லை என்றார்.

"வெளியே பரவிட்ட மாதிரி இருக்கு. இனி ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லை. விதைக்கொட்டை ரெண்டையும் எடுத்துட்டு, மாத்திரையில பாத்துக்கலாம். அடுத்த வியாழக்கிழமை வாங்க."

அப்பா "சரிங்கய்யா" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஏரல் பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏறுவதே நல்லது. நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருபத்தைந்து கேட்டார், இருபதுக்கு வந்தார். டிரைவர் மேலப்பாளையத்துக்காரர், பெயர் மைதீன் என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது அப்பா குனிந்து ஷூவைக் கழற்றினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வலது கால் சாக்ஸையும் உரித்தார். உரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், தோலோடு ஒட்டியிருந்தது. விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், அதன் மேல் கைவைத்தியமாக மருதாணி அப்பி, ஐந்து விரலும் சிவந்திருந்தன.

மைதீன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, காலுல மருதாணி? ரெண்டாம் கலியாணமா?"

"சேத்துப்புண்ணுவே. மூணு வாரமா உழவுல நிக்கேன். டவுன்ல ஒருத்தன் பாத்தா நீரு கேக்கமாதிரிதான் கேப்பான்னு மூடிக்கிட்டு வந்தேன்."

"எங்க வாப்பாவுக்கும் வரும். இந்த மாதிரி வெந்திருந்தா நெறி கட்டியிருக்குமே?"

"கட்டாம இருக்குமா? இங்கன பாரும், நெல்லிக்காயாட்டம்" என்று அப்பா வலது தொடை இடுக்கைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசிக்கொண்டார்கள்.

நெறி கட்டுவது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் உருண்டையாக வீங்கும், புண் ஆறினால் அதுவும் வற்றிப் போகும். அந்த உருண்டையைத்தான் மூன்று வருஷம் நான் நிணநீர் முடிச்சு என்று எழுதி மார்க்கு வாங்கினேன். காலிலிருந்து வரும் நிணநீர் முதலில் தொடை இடுக்குக்கு வரும், அங்கிருந்து அடி இடுப்புக்கு ஏறும் என்று படமும் வரைந்தேன். ரிப்போர்ட்டை மறுபடி விரித்தேன். மூன்றும் வலது பக்கம். அப்பாவின் சிவந்த காலும் வலது கால்.

"அண்ணாச்சி, ஆட்டோவைத் திருப்புங்க."

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்பா, "ஏளா, பஸ்ஸு போயிரும்" என்றார்.

"போகட்டும்ப்பா."

மைதீன், "பாலத்துல திருப்ப முடியாது தாயி. அந்தப் பக்கம் எறங்கி வண்ணார்பேட்டையிலதான் திருப்பணும்" என்றார். பாலம் முழுக்க லாரிகள். தைரியம் போவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அது போகாமல் இருக்க நான் ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர், "நீங்கதான் பாத்தாச்சே, அடுத்த வாரம் வாங்க" என்றார். ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டோம் என்றேன். என்னிடம் சொல்லு, நான் சொல்லிக்கிடுதேன் என்றார். டாக்டரிடம்தான் சொல்லுவேன் என்று வாசலுக்கு நேராகவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்பா சாக்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு, வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். ஐந்தேகாலில் இருந்து ஆறு முப்பத்தைந்து வரை. கடைசி ஆள் வெளியே வந்ததும், யாரும் கூப்பிடாமலே அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே போனேன்.

"மறுபடியும் என்னம்மா?"

"சார், அப்பாவுக்குக் கால்ல புண் இருக்கு. அந்தப் பக்கம்தான் முடிச்செல்லாம் பெருசா இருக்கு. புண்ணால வீங்கியிருக்குமா, சார்?"

"நீ என்ன படிச்சிருக்கே?"

"பி.எஸ்ஸி. விலங்கியல், சார்."

"அப்ப ஆபரேஷனையும் நீயே பண்ணிடு." கைப்பெட்டியை மூடினார். மதுரை ரயிலுக்கு அவருக்கு நேரமாகியிருக்க வேண்டும்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "பண்ணத் தெரியாது, சார். அதான் உங்ககிட்ட வந்திருக்கோம். காலை ஒரு தடவை பாருங்க. பாத்துட்டு முடியாதுன்னு சொன்னா போயிடுதோம்." அப்பாவிடம் திரும்பி, "சாக்ஸைக் கழத்துங்கப்பா" என்றேன். அப்பாவை நான் அதட்டியது வாழ்க்கையில் அன்றுதான்.

சர்ஜன் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். படுக்கச் சொல்லித் தொடை இடுக்கை அழுத்திப் பார்த்தார். அப்பா "பைய, பைய" என்று துள்ளினார். சர்ஜன் படத்தை எடுத்து மறுபடியும் வெளிச்சத்தில் மாட்டினார். இந்த முறை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெரியவரே, வேற வியாதி இருக்கான்னு கேட்டேனே. ஏன் சொல்லல?"

"வியாதி இருக்கான்னுதானேய்யா கேட்டிய? இது சேத்துப்புண்ணு. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. இதைப் போயி வியாதிம்பாங்களா?"

சர்ஜன் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போது அவர் சொன்னதை அன்று இரவே நோட்டில் எழுதி வைத்தேன். ஸ்கேனுக்குத் தெரிவது அளவு மட்டும்தான். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். உள்ளே புற்றுநோய் இருக்கிறதா, புண்ணின் வீக்கமா என்று அதற்குத் தெரியாது. சின்ன முடிச்சுக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கலாம். புரோஸ்டேட்டிலிருந்து பரவுவது தொடை இடுக்குக்கு வருவது அபூர்வம், அதை அவரே கவனித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆறு வாரம். மாத்திரை சாப்பிட்டு, புண்ணை ஆற்றி, சேற்றில் கால் வைக்காமல் இருக்க வேண்டும். பிறகு மறுபடி ஸ்கேன். இந்த நோய் மெதுவாக வளர்வது, ஆறு வாரத்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது என்றார்.

ஆனியில் கார் நெல் நடவை வைத்துக்கொண்டு சேற்றில் கால் வைக்காதே என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. நடவுக்குப் பெண்கள் வந்துவிடுவார்கள். மடை திறக்க, தண்ணீர் கட்ட, வரப்பு வெட்ட அப்பாதான். அந்த ஆறு வாரமும் நான் மண்வெட்டியோடு இறங்கினேன். சாயங்காலம் வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு காலையும் கழுவித் துடைத்துக்கொள்வேன். பக்கத்து வயல்காரர், "ஏலே, பி.எஸ்ஸி. மடை தொறக்குது பாருங்கலே!" என்று கத்துவார். அப்பா வரப்பில் செருப்போடு உட்கார்ந்தபடி, "லே, ஒம் மவன் எட்டாப்புலயே மூணு வருசம் குந்தியிருக்கானே, அவனை மொதல்ல எழுப்புலே" என்று திருப்பிக் கத்துவார். எனக்கு வெட்கம் இருந்தது. வேலையும் நடந்தது.

ஆடிக் கடைசியில் இரண்டாவது ஸ்கேன். அதே பஸ், அதே ஏழு ரூபாய். அப்பா இந்த முறை ரப்பர் செருப்பு. பதினாறு எட்டாகியிருந்தது. தொடை இடுக்கில் இருந்தவை கைக்குத் தட்டுப்படவே இல்லை.

சர்ஜன் ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தார். "வத்தியிருக்கு. அதுக்காக உள்ள நோய் இல்லைன்னு நான் எழுதித் தரமாட்டேன். திறந்து, முதல்ல அந்த முடிச்சுகளை எடுத்து அங்கேயே பரிசோதிக்கணும். நோய் இருந்தா அப்படியே மூடிருவேன். இல்லைன்னா மேற்கொண்டு செய்வேன். சம்மதமா?"

"மூடுறதா இருந்தாலும் தொறந்து பாத்துட்டு மூடுங்கய்யா" என்றார் அப்பா.

ஆபரேஷன் ஆவணியில், பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டோம். காலை எட்டே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும். ஒன்பது பத்துக்கு ஒரு நர்ஸ் இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்துக்கொண்டு கீழே லேபுக்கு ஓடினாள். ஒன்றில் வலது, ஒன்றில் இடது என்று எழுதி ஒட்டியிருந்தது. முடிவு வர முக்கால் மணி ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கணக்குப் போட்டேன். பத்தரைக்குள் டாக்டர் வெளியே வந்தால் மூடிவிட்டார்கள். வராவிட்டால் வேலை நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் டாக்டர் எப்போது வருவார் என்று கதவைப் பார்ப்பார்கள். நான் வராதே, வராதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஐந்து. பத்து இருபது. பத்து இருபத்தெட்டுக்குக் கதவு திறந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வந்தது டாக்டர் இல்லை, வேறு ஒரு நர்ஸ்.

"ஏரல்காரரு வீட்டாளுங்க யாரு? இன்னொரு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க. ஆபரேஷன் முடிய ரெண்டு மணி ஆகும்."

அம்மா "ஐயோ, ரத்தமா" என்று அழ ஆரம்பித்தாள். நான் பெஞ்சிலிருந்து குதித்து எழுந்து சிரித்தேன். அந்த நர்ஸ் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். என் கையை நீட்டினேன். எடை போட்டுப் பார்த்துவிட்டு, நாற்பத்தோரு கிலோவுக்கெல்லாம் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா புருஷனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு வரவழைத்தேன்.

எடுத்த முடிச்சுகள் எதிலும் நோய் இல்லை. பிறகு வந்த முழு ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது. அப்பாவுக்கு மூத்திரம் கட்டுக்குள் வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் காரணத்தைச் சத்தமாகச் சொன்னார். மறைத்தது போதும் என்றார்.

இனி போகிறவர்களுக்கு. இப்போது புது வகை ஸ்கேன்கள் வந்துவிட்டன, முன்னைவிட நன்றாகக் காட்டுகின்றன என்கிறார்கள். எதுவாக இருந்தாலும் ரிப்போர்ட்டின் கடைசி வரியோடு நிறுத்தாமல் முழுக்கப் படியுங்கள், எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று பாருங்கள். பெரிதாக இருக்க வேறு காரணம் உண்டா என்று கேளுங்கள். புண், சொறி, பழைய காயம், ஊரில் எல்லோருக்கும் இருப்பது, வெட்கப்படுகிற இடத்தில் இருப்பது, எதையும் விடாமல் சொல்லுங்கள். மருதாணியோ மஞ்சளோ பூசியிருந்தால் அதையும் காட்டுங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். பெரிதாக இருந்த முடிச்சில் உண்மையிலேயே நோய் இருந்தவர்களையும் அதே பெஞ்சில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் கேட்க உரிமை இருந்தது.

டாக்டருக்குக் கோபம் வரும். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார். படித்ததைச் சொல்லுங்கள், படிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டு, கேட்ட கேள்வியை முதலிலிருந்து மறுபடி கேளுங்கள்.